உங்கள் அமர்வு முடிந்தது

உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பேங்க்கின் இணையப் பக்கம் என்னை ஒவ்வொரு முறையும் உள்ளே விட்டது. பயனர் பெயரைக் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியது; கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதையும் அடித்தேன். ‘வணக்கம்’ என்று என் பெயரைப் போட்டு வரவேற்றது. அந்த வரவேற்பைப் படித்து முடிப்பதற்குள் திரை வெளுத்து, ‘உங்கள் அமர்வு முடிந்தது. மீண்டும் உள்நுழையவும்’ என்று வந்து நின்றது. கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளித்து உள்ளே கூப்பிட்டு, செருப்பைக் கழற்றுவதற்குள் ‘சரி, கிளம்புங்க’ என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

என் மகள் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் என் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பிசியோதெரபி படிப்பில் கடைசிச் சுற்றில் ஓர் இடம் காலியாகி, அது இவளுக்கு வந்திருந்தது. சான்றிதழ்களைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்குள் கட்டணம் கல்லூரிக் கணக்கில் ஏறினால் இடம் இவளுக்கு. ஏறாவிட்டால் வரிசையில் அடுத்ததாக இருக்கும் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருப்பதாக மகள் போனில் கிசுகிசுத்தாள். பணம் இல்லாமல் இல்லை. அது என் கணக்கில் பத்திரமாக இருந்தது. என்னால்தான் அதனிடம் போய்ச் சேர முடியவில்லை.

அன்று இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் கிடையாது. போனில் ஸ்கேன் செய்து அனுப்பும் வழிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. கட்டணம் அதைத் தாண்டியிருந்தது. “பாஸ்வேர்ட எங்கிட்ட சொல்லுமா, நான் இங்கருந்தே போடறேன்” என்றாள் மகள். அதுவும் நடக்காது. புதிய போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ முதல் முறையாக நுழைந்தால், ஒரு நாள் முழுக்கப் பெரிய தொகை அனுப்ப விடமாட்டார்கள். திருடர்களிடமிருந்து என்னைக் காப்பாற்ற அப்படி ஓர் ஏற்பாடாம். என் போனோ, பேங்க் செயலியை ஏற்றிக்கொள்ள முடியாத அளவுக்குப் பழசு. ஆக, ஊரில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் அன்றைக்கு எனக்கு ஆனது எங்கள் வரவேற்பு மேஜையில் இருந்த அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

வரவேற்பு மேஜை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் வீடு. கீழே முன்பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். பின்பக்கமும் மாடியும் வாடகை அறைகள். கூடத்தில் சோபாவைத் தள்ளிப் போட்டு ஒரு மேஜையை வைத்தோம், அது வரவேற்பு ஆகிவிட்டது. குளிர் மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் மாதக் கணக்கில் வந்து தங்குவார்கள். மற்ற நாட்களில் சென்னை, பெங்களூர், ஆந்திரா என்று குடும்பம் குடும்பமாக வந்து ஓரிரு நாளில் போய்விடுவார்கள்.

மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை மட்டும் மகளுக்கு. மட்டும் என்று சொல்கிறேனே தவிர, அதுவும் பௌர்ணமி வராத நாட்களுக்குத்தான். பௌர்ணமி வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் யாருக்கும் சொந்த வீட்டில் கட்டில் கிடையாது. கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு எல்லா அறையையும் விட்டுவிட்டு, சமையலறையில் பாயை விரித்துப் படுப்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூஜை அறையைக்கூட விட்டிருக்கிறார்கள். எங்கள் மகள் மாதா மாதம் புத்தகத்தையும் துணியையும் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவாள். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்தினம் பௌர்ணமி வந்தபோதும் வந்தாள். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விலங்கியல் படித்தாள். நானும் அவள் அப்பாவும் அந்த அறையை ‘மாடி ரூம்’ என்போம். அவள் மட்டும் ‘என் ரூம்’ என்பாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம்.

இந்த இடம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்த அன்று, சாப்பிடும்போது அவள் சொன்னாள்: “கோயம்புத்தூர் போயிட்டா மாசம் பூரா ஒரே கட்டில்ல தூங்கலாம். பௌர்ணமியாவது அமாவாசையாவது.” விளையாட்டாகத்தான் சொன்னாள். என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். நானும் என் பங்குக்கு, அவள் போய்விட்டால் மாடி ரூமை யாராவது வெளிநாட்டுக்காரருக்கு மாதக் கணக்கில் விட்டுவிடலாம், ஹாஸ்டல் செலவுக்கு ஆகும் என்றேன். அதற்கு ‘ம்’ என்றார். அவருடைய ‘ம்’மில் சரி என்பதும் இருக்கும், வேண்டாம் என்பதும் இருக்கும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவர் பேசத் தெரியாதவர் இல்லை. எங்கள் விடுதிக்கு வரும் போன்களில் பாதி அறை கேட்டு வருவதில்லை, பௌர்ணமி எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று கேட்டுத்தான் வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவருக்கு எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும். “செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு மேல ஆரம்பிக்குதுங்க, புதன் காலைல முடிஞ்சிடுது. செவ்வா நைட்டு நடக்கறதுதான் பெஸ்ட்டுங்க. கூட்டம் ஜாஸ்தியாத்தான் இருக்கும், பரவால்ல, வாங்க” என்று கோயில் ஆள் மாதிரி சொல்வார். நாள்காட்டியை நம்ப மாட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ ஏற்றிக் கொடுத்த பஞ்சாங்க மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சொல்வார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் அவர் அசையாததற்கு அதுதான் காரணம். புதியதில் அது ஓடாதாம்.

முதல் நாள் சாயங்காலம் மகளைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தவர், முகம்கூடக் கழுவாமல் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் போய் உட்கார்ந்தார். பெண் கிளம்பிப் போன வீடு எனக்கு வெறிச்சென்று இருந்தது. இந்த மனுஷனுக்கு அப்போதும் பௌர்ணமிதானா என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் முதல் முறை வெளியே தள்ளப்பட்டபோது, குரங்கைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் சந்தில் இணையம் நின்றால் முதலில் யாரும் கம்ப்யூட்டரைப் பார்ப்பதில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்ப்போம். கேபிளைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவதில் அவற்றுக்கு ஓர் ஆனந்தம். அன்றும் போய்ப் பார்த்தேன். கேபிள் ஒழுங்காக இருந்தது. குரங்குகள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் பேங்க் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டையாக ஒரு வாசகம் கண்ணில் பட்டது. ‘உங்கள் பிரவுசரின் பதிப்பு பழையது. சில வசதிகள் சரியாக இயங்காமல் போகலாம்.’ சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. புதிய பதிப்பை இறக்கப் போனேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று அங்கே எழுதியிருந்தது. எங்களுக்கு இதை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“அதுல இனிமே புதுசு ஏறாதுங்க மேடம். அது ரிட்டையர் ஆயிடுச்சு.”

“அதுக்குப் பென்ஷன் குடுக்கறது நானா? இப்ப இன்னா பண்றதுனு சொல்லுங்க.”

“வேற ஒரு பிரவுசர் போட்டுப் பாருங்க. சிலது பழசுலயும் ஓடும்.”

போட்டேன். அது இறங்கவே ஒரு யுகம் ஆனது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்பக்க அறையிலிருந்து ஓர் அம்மாள் வந்து வெந்நீர் வரவில்லை என்றார். போய் கீசரைத் தட்டிவிட்டு வந்தேன். புதிய பிரவுசர் வந்தது. பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி., வணக்கம். உங்கள் அமர்வு முடிந்தது.

அமர்வாம். நான் பத்து மணியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்துகொண்டுதான் இருக்கிறேன், முதுகு விட்டுப்போகிறது, இவர்களுக்கு மட்டும் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் செய்யாதது எதுவும் இல்லை. பிரவுசர் சேர்த்து வைத்திருந்த கேஷை அழித்தேன். குக்கீக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. தானாக எழும் சாளரங்களைத் தடுக்கும் வசதியை நிறுத்தினேன். நிறுத்திய உடனே நான் கேட்காத விளம்பரங்கள் எல்லாம் எழுந்து வந்தன. தடயம் விடாத தனிச் சாளரத்தில் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். பேங்க்கின் உதவிப் பக்கத்தில் ‘உங்கள் பிரவுசர் எங்கள் தளத்துக்கு ஏற்றதா?’ என்று கேட்டு ஒரு பெரிய விளக்கம் இருந்தது. அதில் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள்கூட இத்தனை வேண்டுதல் செய்திருக்க மாட்டார்கள். கடைசியில் எல்லாம் அதே வெள்ளைத் திரைக்குத்தான் வந்து சேர்ந்தது.

இடையிடையே மகள் கூப்பிட்டாள். முதலில் “ஆச்சாமா?” என்று கேட்டாள். பிறகு “இன்னும் ஆகலயா?” என்றாள். மத்தியானத்துக்கு மேல் எதுவும் கேட்காமல், நான் ‘ஹலோ’ சொன்னதும் “சரிமா, வெச்சிடறேன்” என்று மட்டும் சொன்னாள். அந்தச் ‘சரிமா’தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. அறையை விட்டுக் கீழே இறங்கி வரும்போதெல்லாம் அவள் சொன்னதும் அதே ‘சரிமா’தான்.

இவ்வளவுக்கும் நடுவில் என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் தம்பி கொடுத்தனுப்பிய வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, வேகவைத்துக் கொடுத்திருந்தேன். உரித்து வாயில் போட்டுக்கொண்டே, யாரோ ஒரு விஜயவாடாக்காரருக்குக் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொதித்தது.

“ஏங்க, பொண்ணு அங்க ஒக்காந்துனு இருக்கா. மணி மூணு ஆயிடுச்சு. நீங்க இங்க மல்லாட்ட துன்னுனு ஊர்க்கத பேசினு இருக்கீங்க.”

“நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? எனக்கு அதுல பௌர்ணமி பாக்கத்தான் தெரியும்.”

“அவ போறதே உங்களுக்குப் புடிக்கல. அத வாய தொறந்து சொல்லிட்டா என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மோட்டார் போட வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு வார்த்தையை நிறுத்துப் போட எனக்குத் தெம்பு இல்லை.

கடைசியாக வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு இதை அழுத்து, கணக்குக்கு அதை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. அந்தச் சங்கீதத்தை முழுசாகக் கேட்டேன், மறுபடி முதலிலிருந்தும் கேட்டேன். ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். அவளும் களைத்துப் போயிருந்தாள் என்று எனக்குப் பட்டது. காலையிலிருந்து என்னைப் போல் எத்தனை பேர் கத்தினார்களோ.

நான் நடந்ததைச் சொன்னேன்.

“பிரவுசர் கம்பாட்டிபிளிட்டி இஷ்யூவா இருக்கும் மேம். கேஷ் கிளியர் பண்ணீங்களா?”

“பண்ணிட்டேம்மா.”

“பாப் அப்?”

“அதுவும் ஆச்சு. எல்லாம் ஆச்சு. ரெண்டு பிரவுசர்லயும் ஆச்சு. இதுக்கு மேல இந்தக் கம்ப்யூட்டர எடுத்துனு போயி கோயில் கொளத்துல முக்கி எடுக்கறது ஒண்ணுதான் பாக்கி.”

அவள் சிரிக்கவில்லை. எதையோ தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “மேம், இன்னைக்கு நிறைய தடவை லாகின் ஓ.டி.பி. வாங்கியிருக்கீங்க. சேஃப்டிக்காக ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு லிமிட் இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் வரும். அதுக்கப்புறம் நாளைக்குத்தான்.”

மணி நாலைத் தாண்டியிருந்தது. நாளைக்கு அந்த நாற்காலியில் இருந்த பெண் பிசியோதெரபி மாணவி ஆகியிருப்பாள். என் மகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே திரும்பி வந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. வந்த கையோடு மறுபடி சமையலறைக்கு இறங்கியிருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், போனில், வெட்கமே இல்லாமல் அழுதேன். “எம் பொண்ணு சீட்டு போயிடும்மா” என்றேன்.

“அழாதீங்க மேம்” என்றாள். அந்த வாசகம் அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததில் இருக்காது என்று நினைக்கிறேன். “கடைசி ஓ.டி.பி.ய இப்ப யூஸ் பண்ணாதீங்க. நான் கம்ப்ளெயின்ட் போட்டு டெக்னிக்கல் டீமுக்கு இப்பவே அனுப்பறேன். அந்த எர்ரர் ஸ்கிரீன் அப்படியே இருக்கில்ல? இப்ப உங்க கம்ப்யூட்டர்ல என்ன தேதி, என்ன நேரம்னு பாத்துச் சொல்லுங்க. அது போட்டாதான் கம்ப்ளெயின்ட் ஏறும்.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தேன். காலையிலிருந்து நூறு முறை பார்த்த மூலைதான். நான் பார்த்ததெல்லாம் மணியை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். படித்ததை அப்படியே சொன்னேன்.

“நாலு பதிமூணு. ஜனவரி…”

“எந்த மாசம்னு சொன்னீங்க மேம்?”

“ஜனவரின்னு போட்டிருக்கும்மா.”

அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“மேம், இது செப்டம்பர்.”

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி அந்த மூலையைப் பார்த்தேன். பிறகு அவள் அவசரமாகப் பேச ஆரம்பித்தாள். குரலில் இருந்த களைப்பு போய்விட்டிருந்தது. “உள்ள வந்ததும் பேங்க் உங்களுக்குக் கொஞ்ச நேரம் டைம் குடுக்கும் மேம், பத்து நிமிஷம் மாதிரி. உங்க கம்ப்யூட்டர் வரப்போற ஜனவரில இருக்கு. அது கணக்குல அந்தப் பத்து நிமிஷம் முடிஞ்சு மாசக்கணக்கு ஆயிடுச்சு. அதான் வந்த உடனே வெளிய அனுப்புது. பிரவுசர்லாம் ஒண்ணுமில்ல. தேதிய மாத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

தேதியை மாற்றப் போனபோது, எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் அந்தப் பஞ்சாங்கம் திறந்தே கிடந்தது. காலையில் அவர்தான் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். போட்டதுமே அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த மென்பொருள் ‘இன்று’ என்ன திதி என்று மட்டும்தான் காட்டும். வருகிற மாதத்துப் பௌர்ணமி தெரிய வேண்டும் என்றால், கம்ப்யூட்டரின் தேதியையே அந்த மாதத்துக்கு நகர்த்தி, இன்றைக்கு அந்த நாள்தான் என்று அதை நம்ப வைக்க வேண்டும். இவர் வருஷக் கணக்காக அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். தேதி தானாகத் திருந்தும் வசதியைக்கூட நிறுத்தி வைத்திருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழையபடி ஆகிவிடுகிறது என்று எப்போதோ கடைக்காரரிடம் குறைபட்டது நினைவுக்கு வந்தது. பார்த்து முடித்ததும் ஒழுங்காகத் திருப்பி வைத்துவிடுவார்போலிருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

பஞ்சாங்கத்தில் மார்கழிக் கடைசி. போகிப் பண்டிகை. பௌர்ணமி, விடியற்காலையில் ஆரம்பம்.

தேதியைச் செப்டம்பருக்கு இழுத்து வந்தேன். பெயர், கடவுச்சொல், கடைசி ஓ.டி.பி. வணக்கம் என்றது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. வணக்கம் என்பது வணக்கமாகவே நின்றது. போனில் அந்தப் பெண் “மேம்? மேம்?” என்றாள். “நிக்குதும்மா, நிக்குது” என்றேன். அவளுக்கு நன்றி சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

பணம் போய்ச் சேர்ந்ததும் மகள் கூப்பிட்டாள். அவளால் பேசவே முடியவில்லை. என் தங்கைதான் போனை வாங்கி, ரசீது கொடுத்துவிட்டார்கள் என்றாள். பின்னால் மகள் குரல் கேட்டது. “சித்தி, அந்தப் பொண்ணு எழுந்து போயிட்டா பாரு. பாவம் சித்தி.” பாவம்தான். அந்தப் பெண்ணுடைய அம்மா எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தாளோ.

எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் சண்டை போட மட்டும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்ததும் காரியம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, “கட்டிட்டியா?” என்றார்.

“கட்டிட்டேன். யாரால இவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? இந்தக் கம்ப்யூட்டர் போகிக்குப் போயி ஒக்காந்துனு இருந்துச்சு. நடக்கறது ஆவணி. வர செவ்வாக்கெழம பௌர்ணமிய உட்டுட்டு, போகிப் பௌர்ணமிய எவன் கேட்டான் உங்கள?”

அவர் மூலையைப் பார்த்தார். அங்கே இப்போது செப்டம்பர் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“திருப்பி வெக்கலயா நானு?”

“வெக்கல.”

“நேத்து அவள பஸ் ஏத்திட்டு வந்து பாத்தேன். பாத்துனே ஒக்காந்து இருந்தேன். அப்டியே எழுந்து போயிட்டேன் போல.”

“அதான் எதுக்குப் பாத்தீங்கனு கேக்கறேன்.”

“பெங்களூர்க்காரங்க வருஷா வருஷம் பொங்கலுக்கு வருவாங்க இல்ல. நேத்து மத்தியானம் போன் பண்ணி, இந்தப் பொங்கலுக்கு மாடி ரூமும் சேத்து வேணும்னாங்க. அப்புறமா சொல்றேன்னேன். பொங்கலுக்கு எப்படியும் அவ வருவா. பௌர்ணமி தள்ளி வந்தா அவங்களுக்கு வேற ரூம் குடுத்துடலாம், பிரச்சன இல்ல. போய்ப் பாத்தா போகி அன்னிக்கே வருது.” நிறுத்திவிட்டு, காலால் தரையில் கிடந்த மல்லாட்டைத் தோலை ஓரமாகத் தள்ளினார். “அன்னிக்கு அவ ரூம யாருக்கும் குடுக்கக் கூடாது இல்ல. அதான். இல்லைனு சொல்லிட்டேன் அவங்களுக்கு.”

அவ ரூம் என்றார். அவர் வாயில் அது அப்படி வந்து நான் கேட்டதே இல்லை.

பெண்ணை அனுப்ப மனசில்லாத மனுஷன் என்று நாள் முழுக்க உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ, அவள் பஸ் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்குமோ என்னவோ, அதற்குள் பொங்கலுக்குப் போய் அவளுக்குக் கட்டிலைப் பிடித்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். “காபி வேணுமா?” என்று கேட்டேன். ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ என்னவென்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து அடுப்படிக்குப் போவதற்குள் போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம். செவ்வாய்க்கிழமைக்கு அறை வேண்டும். எல்லாம் நிரம்பிவிட்டது என்றேன்.

“மாடியில படிக்கட்டுப் பக்கத்துல ஒரு ரூம் இருக்குமேங்க. போன தடவ அதுலதான் தங்கினோம். அது இருந்தாக்கூடப் போதும்.”

அந்த அறை காலியாகத்தான் இருந்தது. அவள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டிய அவசியமே இந்தப் பௌர்ணமிக்கு இல்லை. விடுவதாக இருந்தால் யாருக்கும் ஒரு சிரமமும் கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லீங்க” என்றேன். “அது எங்க பொண்ணு ரூம்.”

“ஓ, பொண்ணு ஊர்ல இருக்காங்களா?”

“இல்லீங்க. பொங்கலுக்கு வருவா.”